கடைசிப் பாட்டில் வருகிற ‘வா’

வராட்டி என்ன செய்வது, வந்துவிடும், வராட்டி, என்று பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து ரேணுகாதேவியின் மனசு ஒரே இடத்தில் நின்று அரைத்துக்கொண்டிருந்தது, கல் சுற்றுகிறதே தவிர மாவு நகர்கிற வழியைக் காணோம். வரவேண்டியது ஆள் இல்லை. ஆட்கள் நாலு பேரும் வந்து மேடையேறி ஆறேழு பாட்டும் ஆகிவிட்டது. தலை நரைத்து, ஒருத்தருக்கு முன்தலை வழுக்கை விழுந்து, ஒருத்தர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, இருந்தாலும் அதே நாலு பேர், மூணாவது கியர் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தக் கோயமுத்தூரையே ஒரு காலத்தில் உறும வைத்த அதே நாலு பேர்தான், இருபத்துச் சொச்சம் வருசம் ஆளுக்கொரு திசையில் கிடந்துவிட்டுப் பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் இன்றைக்கு மறுபடியும் ஒன்றாக நிற்கிறார்கள். வரவேண்டியது ஒரு ‘வா’. கடைசிப் பாட்டில், பாடகன் டைட்டஸ் அடிவயிற்றிலிருந்து எடுத்து, மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் நிறுத்திவைத்து, கேட்கிறவனுக்கு மூச்சு முட்டுகிறபோது போனால் போகிறதென்று இறக்கிவிடுகிற ஒற்றை எழுத்து. அதைக் கேசட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்குத்தான் வந்திருக்கிறாள், அதற்குத்தான் பயமும், ஏனென்றால் டைட்டஸுக்குத் தொண்டையில் ஆபரேசன் ஆகியிருக்கிறது.

பக்கத்தில் கணவர் குழந்தைவேலு இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைத் தெரியாத ஆள் மாதிரி பொதுவாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கிறவர், எந்த மோட்டார் என்ன சத்தம் போட்டால் உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வார், ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் எல்லாப் பாட்டும் அவருக்கு ஒரே பாட்டு. இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை குனிந்து, “அம்மிணி, இதுதானா அது?” என்று கேட்டார். “இது இல்லீங்க, அது கடைசியில” என்று அவளும் சொன்னாள். நல்ல மனுசன். இந்த நல்ல மனுசன்தான், மூணாவது கியர் கடைசியாக மேடையேறிய சாயங்காலம் பார்த்து, மாமன் சித்தப்பன் என்று ஒரு வேன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவளைப் பெண் பார்க்க வந்தார். அன்றைக்கு அவர்கள் காந்திபுரத்தில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் சூலூரில் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், பெண்ணுக்குக் கை நடுங்குது, வெட்கம் என்று சொன்னார்கள், வெட்கமெல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல். அதற்கப்புறம் குழு கலைந்தே போனது. கலியாணமான நாளிலிருந்து எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும், சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று ஆரம்பித்தால்கூட, அந்தச் சாயங்காலத்தில் வந்துதான் முடியும், அவரும் பாவம், “நான் என்ன கனாவா கண்டேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாள் வந்திருப்பேனே” என்பார். மறுநாள் அஷ்டமி. அதுவும் சொல்லியாகிவிட்டது.

அதற்கு முந்தி மூன்று தடவை கிட்டே போய்க் கைக்கு எட்டாமல் போனது. கல்லூரி விடுதியில் வாசலைச் சாயங்காலமே சாத்திவிடுவார்கள், இவர்களோ அந்தப் பாட்டை எப்போதும் கடைசியாகத்தான் பாடுவார்கள், பாட்டுப் பெயரே ‘கடைசி பஸ்’. அதனால் நல்ல பாட்டாக வரிசையாக வந்துகொண்டிருக்கும்போதே தோழிகள் கையைப் பிடித்து இழுப்பார்கள், வார்டன் அம்மாள் கதவருகே நின்று கடிகாரத்தைப் பார்க்கிற முகம் கண்முன்னால் வரும், எழுந்து ஓட வேண்டியதுதான். பஸ்ஸுக்காக ஓடுகிறவனின் பாட்டைக் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடியவள் என்று அவளைத்தான் சொல்ல வேண்டும். பிறகு யாரோ பதிவு செய்த கேசட்டை யாரோ நகலெடுத்து, அதை இன்னொருத்தி நகலெடுத்து, அவள் கைக்கு வரும்போது டிரம்ஸ் எல்லாம் பாத்திரம் உருளுகிற சத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ‘வா’ மட்டும் அத்தனை நகலையும் கிழித்துக்கொண்டு வந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் பின்னால் ஓடுகிறான் ஒருத்தன், ‘கண்டக்டருகிட்டச் சொல்லடி, கயிற இழுக்கச் சொல்லடி, வாரேன், வாரேன்’ என்று கத்துகிறான், மூன்றாவது வாரேனில் வருகிற வா அது. பரீட்சைக்குப் போகும்போது கேட்டாள். மகள் பிறந்து உடம்பு வெளிறிப் படுத்திருந்தபோது கேட்டாள். என்னையும் ஏற்றிக்கொள், விட்டுவிட்டுப் போய்விடாதே என்று ஒருத்தன் இவ்வளவு சத்தமாகக் கேட்கலாம் என்றால், நாமும் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது, ஆனாலும் கேட்கலாம் என்று இருந்ததே பெரிய தெம்பு.

இப்போது கிதார் ஒன்று தனியாக அழுதுகொண்டிருக்கிறது, நல்ல வாசிப்பு, காதில் விழுகிறது, மனசில் ஏறவில்லை. மைதானத்து ஓரத்தில் தள்ளுவண்டியில் காளான் வறுபடுகிற வாசனை வந்தது, பசிக்கிறதா, இல்லை, முழங்கால்தான் வலிக்கிறது, வீட்டில் குக்கரைக் கழுவப் போட்டோமா, டைட்டஸ் சட்டையை யாராவது இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கலாம், சுருக்கம் இங்கிருந்தே தெரிகிறது. ஐம்பது தாண்டிய ஆளை அவன் இவன் என்று நினைக்கலாமா என்றால், நினைப்புக்கு ஏது மரியாதை, அவளுக்கு அவன் அவன்தான். அந்த அவனை யூடியூபில் பேட்டி எடுத்து ஒருத்தன் போட்டிருந்தான், நாலு மாசம் இருக்கும், மறுபடி ஒன்றாகப் பாடப்போகிறோம் என்று சொன்னதே அதில்தான். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, கையில் கடுகு டப்பா, போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அவன் வாயைத் திறந்து “வணக்கங்க” என்றான், அவ்வளவுதான், காய்ந்த இலையை மிதித்த சத்தம். தொண்டையில் ஒரு முடிச்சு இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம், இப்போது பரவாயில்லையாம். எண்ணெய் புகைந்து, வீடு முழுக்கக் கமறி, குழந்தைவேலு கடையிலிருந்து சாப்பிட வந்தவர் “என்னத்தைத் தீய வெச்சே” என்று கேட்கிற வரைக்கும் அவள் அப்படியே நின்றாள். அன்றைக்கே ஒரு யோசனை வந்தது. ரசிகர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு, ‘மூணாவது கியர் பாசறை’ என்று கட்சிக்காரர்கள் மாதிரிப் பெயர், நானூறு பேருக்குமேல் உண்டு, அதில் தன் வாயாலேயே பேசி அனுப்பினாள். நம்ம டைட்டஸுக்கு அந்த ‘வா’ வராதுங்க, இத்தனை ஆள் முன்னால அது உடைஞ்சா அவர் மனசும் உடைஞ்சுபோயிரும், அதனால அந்த இடம் வரும்போது நாம எல்லாரும் சேர்ந்து சத்தமாப் பாடிருவோம், அவர் குரல் வந்துச்சா வரலையான்னு யாருக்கும் தெரிய வேண்டாம். அனுப்பிய மாத்திரத்தில் இதயமும் கும்பிடும் கண்ணீரும் மழையாகக் கொட்டியது. ரேணுகாக்கா உங்களுக்குத் தங்க மனசு என்றார்கள். பாசறைத் தலைவர் பொள்ளாச்சி சுதாகர் அதை முறையான திட்டமாகவே ஆக்கிவிட்டார், உச்சத்துக்கு முன்னால் டைட்டஸ் மைக்கிலிருந்து இடது கையை எடுத்து விரிப்பார், அதுதான் சைகை, எடுத்த நொடியே ஆரம்பித்துவிட வேண்டும்.

தங்க மனசு என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த மனசைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும், அவளுக்கும் தோன்றவில்லை, நாலு மாசம் கம்பீரமாகத்தான் இருந்தாள். இங்கே வந்து உட்கார்ந்து, டிரம்ஸ்காரர் முருகதாஸ் ஒரு பாட்டின் நடுவில் தாளத்தைப் பித்தளைத் தட்டிலேயே தட்டினாரே, சளீர் சளீர் என்று, அந்தச் சத்தம்தான் எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. அப்பா. சூலூர்ப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமை பஜனைக்கு அப்பாதான் எடுத்துக் கொடுப்பார், எடுப்பான குரல், நாலு தெருவுக்குக் கேட்கும். வயசாகிக் குரல் ஆடத் தொடங்கியதும் கூட இருந்தவர்கள் நல்லெண்ணத்தில் ஒன்று செய்தார்கள், அவர் மேலே போகிற இடம் பார்த்து எல்லாரும் ஜால்ராவை ஓங்கித் தட்டினார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை அப்பா துண்டை உதறித் தோளில் போட்டவர் போகாமல் உட்கார்ந்துவிட்டார். ஏனுங்கப்பா போகலையா என்று கேட்டதற்கு, “ஜால்ரா ரொம்ப சத்தமாயிருச்சு சாமி” என்றார். செத்துப்போகிற வரைக்கும் பாடவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை. இத்தனை வருசமும் அதைக் காது மந்தமானவர் சொன்ன குறையாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் என்றால் சத்தம், அதற்கென்ன. இப்போது மேடையில் சளீர் என்றதும்தான் சுருக்கென்றது. அடிப்பாவி, நீயும் நானூறு பேர் கையில் ஜால்ராவைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறாயே.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், போனை எடுத்தாள், கண்ணாடி பையில் எங்கேயோ கிடக்கிறது, எழுத்து எறும்பாக ஊர்ந்தது, ‘யாரும் பாட வேண்டாம், அவர் பாடட்டும்’ என்று தட்டுத் தடுமாறி எழுதிப் பாசறையில் போட்டாள். யார் பார்ப்பது. எல்லாருடைய போனும் தலைக்கு மேலே மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று வரிசை முன்னால் பொள்ளாச்சி சுதாகரின் கறுப்புச் சட்டை முதுகு தெரிந்தது, “சுதாகர்… ஏனுங்க சுதாகர்” என்று கூப்பிட்டாள், பெட்டிபெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கருக்கு முன்னால் அவள் கூப்பாடு கொசு ரீங்காரம், ஆனாலும் அவர் எப்படியோ திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார், எல்லாம் தயார் அக்கா, கவலைப்படாதீங்க என்று அர்த்தம். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவரும் சந்தோசமாகக் கையை ஆட்டினார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் இப்படித்தான். குழந்தைவேலு ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, “என்னாச்சு அம்மிணி, தண்ணி வேணுமா?” என்றார். “ஒண்ணுமில்லீங்க. ஒரு தப்புப் பண்ணிட்டேன்.” “அடுப்பை அணைக்கலையா?” “அதில்லீங்க.” “அப்ப விடு, மத்ததெல்லாம் பொறகு பாத்துக்கலாம்” என்று பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டார். தண்ணீர் குடித்தாள். நான் ஒருத்தியாவது பாடக்கூடாது, வாயைத் திறக்கவே கூடாது, மற்றவர்கள் கத்தினாலும் இடுக்கில் எங்கேயாவது அவன் குரல் ஒரு சொட்டு விழாதா, வராட்டி, வரட்டும் வராமல் போகட்டும், ஆனால் வராட்டி நான் அவனைப் பார்த்துப் பாவம் என்று நினைத்துவிடுவேனோ, அப்படி நினைத்துவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கேசட்டை எப்படிக் கேட்பது, என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே முருகதாஸ் இரண்டு குச்சியையும் தலைக்குமேல் தட்டினார்.

கடைசி பஸ். ஆரம்பித்துவிட்டது. மைதானமே எழுந்து நின்றது, அவளும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், முழங்கால் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனது. பாஸ் கிதார் அடிவயிற்றில் இடித்தது, கேசட்டில் இது கிடையாது, கேசட்டில் இதெல்லாம் வெறும் இரைச்சல், எத்தனை அழகாக எத்தனை சத்தங்கள் இந்தப் பாட்டுக்குள் இருந்திருக்கின்றன, இருபத்துச் சொச்சம் வருசமாக எலும்புக்கூட்டைத்தான் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறோம். டைட்டஸ் தாழ்ந்த குரலில் வரிகளைப் பேசுகிற மாதிரிப் பாடினான், கரகரப்புத்தான், ஆனாலும் ஓடுகிறவனுக்கு மூச்சு இரைக்காதா, பொருத்தமாகத்தான் இருந்தது. செருப்பைத் தூக்கினான். கண்டக்டரைக் கூப்பிட்டான். முதல் வாரேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இரண்டாவது வாரேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். மைக்கிலிருந்து இடது கையை எடுத்து விரித்தான். அவ்வளவுதான், முன்னால் பின்னால் இடம் வலம் என்று எல்லாப் பக்கமும் ‘வா’ வெடித்தது, பாசறை ஆட்கள் நானூறு பேர் தொடங்க, கூட நின்ற அத்தனை கூட்டமும் சேர்ந்துகொள்ள, அந்த வாக்களுக்கு நடுவில், இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ரேணுகாதேவியின் ‘வா’வும் இருந்தது. அவள் பாடவில்லை. அது பாடிவிட்டது. ஆயிரம் தடவை கேசட்டோடு சேர்ந்து திறந்து பழகிய வாய், அவளைக் கேட்டுக்கொண்டா திறக்கும். மேடையில் டைட்டஸின் வாய் அகலத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு விளக்கு வெளிச்சத்தில் கயிறாகப் புடைத்திருந்தது, வந்ததா, வரவில்லையா, எத்தனை உற்றுக் கேட்டும் அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் தொண்டைதான்.

பாட்டு அப்படியே ஓடிப்போய் முடிந்திருக்க வேண்டியது. டைட்டஸ் கையைக் காட்டி நிறுத்தினான். கிதார் ஒன்று நின்றது, இன்னொன்று நின்றது, முருகதாஸ் மட்டும் கவனிக்காமல் நாலு அடி அடித்துவிட்டுத் தனியாக மாட்டிக்கொண்டதும் கூட்டம் சிரித்தது. டைட்டஸும் சிரித்தான். பிறகு மைக்கைக் கிட்டே இழுத்து, காய்ந்த இலைக் குரலில், “ஏனுங்க, ஒரு நிமிசம் எல்லாரும் கம்முனு இருக்கீங்களா?” என்றான். “நாலு மாசமா பாத்ரூம்ல நின்னு கத்திக் கத்தி, கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டே போயிட்டாங்க. நீங்க போட்ட சத்தத்துல நான் பாடுனது எனக்கே கேக்கலை. பாசமாத்தான் பண்ணுறீங்கன்னு தெரியுதுங்க. ஆனா அது வருதோ இல்லையோ, என் வாயிலதான வரோணும்?” முன்னால் சுதாகரின் கறுப்பு முதுகு மெல்லக் கூனியது. ரேணுகாதேவிக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது, இத்தனை பேர் நடுவில் அவன் தன்னைத்தான் கண்டித்துப் பேசுகிறான், தன் ஒருத்தியைத்தான், அதிலும் எவ்வளவு பதமாக. அந்தப் பெரிய மைதானம் கம்மென்று ஆனது. அவிநாசி ரோட்டில் போகிற லாரிச் சத்தம் கேட்டது. காளான் சட்டியில் கரண்டி உரசுவது கேட்டது.

மற்றவர்கள் வாத்தியத்தைத் தொடாமல் நின்றார்கள். அவன் மட்டும் முதல் வாரேனைச் சொன்னான், இரண்டாவதைச் சொன்னான். அதற்கப்புறம் அவன் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. கேசட்டில் அந்த மூச்சு இல்லை, நகலெடுத்து நகலெடுத்து எங்கேயோ தேய்ந்துபோயிருக்க வேண்டும். ‘வா’ கிளம்பியது. கீழே தடித்துக் கிளம்பி, கரகரவென்று ஏறி, இன்னும் ஏறி, இதோ அந்த இடம், அந்த உச்சி, தொட்டுவிட்டான், நிற்கிறது, கடவுளே நிற்கிறது என்று அவள் நாற்காலியை இறுக்கின நொடியில் பழைய வேட்டி கிழிகிற மாதிரி சரேலென்று நடுவில் கிழிந்தது. அவன் நிறுத்தவில்லை. கிழிந்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, பாதி காற்றும் பாதி குரலுமாக, மூச்சு தீருகிற வரைக்கும் கொண்டுபோய், பேச்சுக் குரலில் ‘ரேன்’ என்று இறக்கி வைத்தான். சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறானே, கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ரேணுகாதேவி தன் மனசைப் பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள், பாவம் என்ற நினைப்பு எங்கே, வந்திருக்குமே, இந்நேரம் வந்து உட்கார்ந்திருக்குமே. வரவில்லை. அவனுக்காகப் பயந்ததாகச் சொல்லிக்கொண்டு தனக்காகத்தான் இத்தனை மாசமும் பயந்திருக்கிறாள், குரல் போன டைட்டஸை நமக்குப் பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று. பிடித்திருந்தது. முன்னைவிடப் பிடித்திருந்தது, அழுகையாக வந்தது.

அந்த நிசப்தத்தில் பக்கத்திலிருந்து பட்பட்டென்று ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டுகிற சத்தம் கேட்டது. குழந்தைவேலு. காதுப் பஞ்சு இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டு முடிந்ததென்று நினைத்து, முழு மனசோடு தட்டிக்கொண்டிருந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. “ஏனுங்க, இன்னும் முடியலீங்க” என்று முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “முடியலையா?” என்று அவர் தட்டுகிறதை நிறுத்தாமலே அவளைப் பார்த்தார். “நல்லாத்தான பாடுனாரு?” கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள், கேலி இல்லை, வாயெல்லாம் பல். மேடையில் டைட்டஸ் கண்ணை இடுக்கி, யார் அது என்று இருட்டுக்குள் தேடி, தட்டுகிற ஆளைக் கண்டுபிடித்து, மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். குழந்தைவேலுவும் எதற்கென்று தெரியாமல், கடைக்கு வந்தவரைக் கும்பிடுகிற மாதிரி, “வணக்கங்க, வணக்கங்க” என்று பதிலுக்குக் கும்பிட்டார். ரேணுகாதேவி அவர் முழங்கையை விட்டுவிட்டுத் தானும் தட்டத் தொடங்கினாள்.